ஜமீன்தாருக்குத் துணை வேண்டுமா?

சாப்பாட்டு மேசையின் நடுவே, உப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருந்த கைபேசிக்குள்ளிருந்து மகள் பேசிக்கொண்டிருந்தாள். வெளியூரில் படிக்கப் போய் ஆறு மாதம் ஆகிறது. அப்பா சாப்பிட்டாரா, அம்மாவின் இடுப்பு வலி தேவலையா என்று கேட்டதைவிட, "ஜமீன்தார் என்ன பண்றார்?" என்று அவள் கேட்டதுதான் அதிகம்.

ஜமீன்தார் ஒரு சின்சில்லா. அணிலைப் போல உட்காரும், முயலைப் போலக் குதிக்கும், எலிக்குத் தூரத்துச் சொந்தம். உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் அடர்ந்த மயிர். பகல் முழுக்கத் தூங்கிவிட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கண்ணைத் திறக்கும். தண்ணீர் மேலே படக்கூடாது. கிண்ணத்தில் கொட்டி வைத்த பொடிமண்ணில் புரண்டு குளித்துவிட்டு, காய்ந்த புல் வந்ததா என்று எட்டிப் பார்க்கும். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் உட்கார்ந்து தின்னும் இந்தப் பிராணிக்கு மகள் வைத்த பெயரில் யாரும் குறை சொன்னதில்லை.

"அப்பா, இதெல்லாம் கூட்டமா வாழற பிராணி. தனியா இருந்தா மனசு ஒடிஞ்சு போயிடுமாம். தன் முடியைத் தானே கடிச்சுப் பிச்சுக்குமாம். அம்மா அனுப்பின போட்டோவுல பாத்தேன், முதுகுல ஒரு பட்டன் அளவுக்கு மொட்டையா இருக்கு. எனக்கு நேத்தெல்லாம் படிப்பே ஓடல."

"அதுக்கு என்னடி பண்ணச் சொல்றே?" என்றாள் அம்மாக்காரி. "ஒண்ணு இருக்கறப்பவே வீடெல்லாம் புல்லு. இன்னொண்ணைக் கொண்டு வந்து வெச்சா நாம வெளியில போய்த்தான் படுக்கணும்."

"அப்போ கொடுத்துடலாம்மா. என் ஃப்ரெண்டோட மாமா வீட்டுல நாலு இருக்கு. அவங்க எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. பாவம், ஒரு உயிர் தனியா கிடந்து தவிக்கறதைப் பாத்துக்கிட்டு எப்படி சும்மா இருக்கறது?"

மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அத்தை சாப்பிட்டு முடித்து, தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த அத்தைக்கு வயது ஐம்பத்தாறு. அவளுடைய தம்பிதான் இந்த வீட்டுக்காரன். ஐம்பது வயதாகிவிட்டது, காதோரம் நரைத்துவிட்டது, லிஃப்ட் மெக்கானிக்காக இருபத்தேழு வருட அனுபவம், கம்பெனியில் 'சார்' என்கிறார்கள். இருந்தாலும் அவளுக்கு அவன் தம்பி. நமக்கும் தம்பியாகவே இருக்கட்டும்.

தம்பி எதிலும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இறங்குகிறவன் இல்லை. அப்படித்தான் அவன் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான். தோள்பட்டை பிடித்துக்கொண்டதில் பத்து நாள் ஓய்வில் வேறு இருந்தான். மறுநாளே ஜமீன்தாரைப் பெட்டியில் வைத்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனான்.

மருத்துவர் அம்மா அதைத் திருப்பிப் போட்டு, முதுகு மயிரை வாயால் ஊதி ஊதிப் பார்த்தார்.

"கடிச்சதாவும் இருக்கலாம், கொட்டினதாவும் இருக்கலாம் சார். பயமுறுத்திப் பிடிச்சா, பிடிச்சவங்க கையில முடியை விட்டுட்டு ஓடிடும், அது இதுங்க சுபாவம். யாராவது அப்படிப் பிடிச்சீங்களா?"

"சேச்சே, எங்க வீட்டுல யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க டாக்டர்."

"ஜோடி சேக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கூண்டு வெச்சு வாரக்கணக்கா பழக்கணும். பிடிக்கலேன்னா ஒண்ணையொண்ணு கடிச்சுக் குதறிடும். சிலதுக்குத் துணை இருந்தே ஆகணும். சிலது ஒரு மனுஷங்களோட ஒட்டிக்கிட்டு நிம்மதியா இருக்கும். இது எந்த ரகம்னு அதால வாயைத் திறந்து சொல்ல முடியாது இல்லையா? நீங்கதான் உக்காந்து பாக்கணும். எப்போ எழுந்திருக்கு, யார்கிட்ட வருது, எப்போ சும்மா கிடக்குது, எல்லாத்தையும் ஒரு வாரம் எழுதிக்கிட்டு வாங்க."

எழுதிக்கொண்டு வரச் சொன்னதும் தம்பிக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவன் முதலில் லிஃப்டைப் பார்க்க மாட்டான். மெஷின் அறையில் தொங்கும் பராமரிப்பு நோட்டைத்தான் பார்ப்பான். அதில் எழுதாத எதையும் அவன் நம்புவதில்லை. அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். நேரம், நடவடிக்கை, அருகில் யார், பேச்சுச் சத்தம். கடைசிக் கட்டம் அவனாக யோசித்துச் சேர்த்தது. கூட்டத்தில் வாழ்கிற பிராணி என்றால் நாலு குரல் கேட்டுப் பழகியிருக்கும், அது முக்கியம் என்று மனைவியிடம் விளக்கினான். மகள் படிப்பில்கூட இவ்வளவு அக்கறை காட்டியதில்லையே என்று மனைவி சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூண்டு இருந்தது அக்காவின் அறையில். சின்சில்லாவுக்கு வெக்கை ஆகாது. வீட்டின் பின்பக்கத்தில் வெயில் எட்டிப் பார்க்காத அறை அது ஒன்றுதான். மகள் ஊருக்குப் போன அன்றைக்குக் கூண்டை அங்கே தூக்கி வைத்தார்கள். "இங்க வெச்சுடறோம்க்கா" என்று தம்பி சொன்னான். "சரி" என்றாள் அக்கா.

மாலை ஐந்தரைக்கு ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியும் நோட்டும் பேனாவுமாகத் தம்பி அந்த அறையில் உட்கார்ந்தான். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆறு பத்துக்கு ஜமீன்தார் மரப்பெட்டியிலிருந்து மீசையை மட்டும் வெளியே நீட்டியது. நாற்காலியில் ஓர் ஆள் இருப்பதைப் பார்த்தது. மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

'6.10 எழுந்தது. 6.12 மூலையில் உட்கார்ந்தது. அருகில்: நான், அக்கா. பேச்சு: இல்லை.'

அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. பேனாவின் பின்பக்கத்தை டக்டக்கென்று அழுத்திக்கொண்டு தம்பி காத்திருந்தான். அக்காவும் அவனும் மட்டுமாக ஓர் அறையில் இப்படி உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றியதும் மனசு பழைய இடத்துக்குப் போய்விட்டது.

ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. கீழே இஸ்திரி போடும் சூடு தரை வழியாக ஏறி வரும். குளிர் நாளில் அது சொர்க்கம், வெயில் நாளில் அடுப்பு. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். பதினேழு வயதில் அக்கா குடைக் கம்பெனியில் துணி தைக்கப் போனாள். எட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் கம்பியில் கோக்கிற வேலை. சாயங்காலம் விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்தோடு படியேறி வருவாள். வருகிறபோதே பேச்சு ஆரம்பித்துவிடும்.

அப்படி ஒரு வாயாடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தெருவே அவளை 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டது. அன்றைக்குக் கம்பெனியில் யார் யாரோடு சண்டை, முதலாளி எப்படி மூக்கைச் சொறிந்துகொண்டே திட்டினார், குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து 'விரிய மாட்டேங்குது' என்று மல்லுக்கட்டிய ஆள், எல்லாரையும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவாள். தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அவனுக்கு ஏறாத பாடத்தைக்கூடக் கதையாக்கிச் சொல்லி ஏற்றிவிடுவாள். வயிறு நிறையாத நாள் அந்த அறையில் இருந்திருக்கிறது. சிரிக்காத நாள் இருந்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை. அந்த வருடங்களைத் திருப்பிக் கொடுத்தால், இப்போதிருக்கிற மூன்று அறை வீட்டை அவன் யோசிக்காமல் கொடுத்துவிடுவான்.

அந்தப் பேச்சு எந்த நாளில் நின்றது? யோசித்துப் பார்த்தான், பிடிபடவில்லை. குடைக் கம்பெனியை மூடியதும் எட்டு வருடத்துக்கு முன் அக்கா இந்த வீட்டுக்கு வந்தாள். முதல் வருடம் மேசையில் கதை சொன்னாள். டிவி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மகளுக்குப் பரீட்சை வந்தது, "அத்தை, கொஞ்சம் மெதுவா" என்றாள். மனைவி, "அண்ணி, இதை அன்னிக்கே சொல்லிட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் குறைத்ததில், ஒரு நாள் சத்தம் இல்லாமல் போயிருக்கிறது.

"என்னக்கா, எப்படி இருக்கே?" என்று கேட்டு வைத்தான்.

"நல்லா இருக்கேன்" என்றாள் அக்கா. மடித்த துணியையே திரும்பவும் உதறி மடித்தாள்.

ஐந்து நாள் இப்படியே போனது. ஐந்து நாளும் நோட்டில் ஒரே மாதிரி வரிகள். மூலையில் உட்கார்ந்தது, யாரிடமும் வரவில்லை, பேச்சு இல்லை. நோட்டில் எழுதி வைத்த பிறகு அப்பீல் ஏது? வியாழக்கிழமை மகளுக்குப் போன் செய்தான்.

"நீ சொன்னதுதான்மா சரி. பாவம், சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. இப்படி ஒண்டிக்கட்டையா ஒரு ஜீவனை வெச்சுக்கறது பாவம். அவங்களை ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிடு."

அன்று மேசையில் விஷயத்தைச் சொன்னபோது மனைவிக்கு நிம்மதியாக இருந்தது. "அண்ணிக்கும் நல்லதுதான். ரூம்ல புல்லு வாடை இல்லாம ஃப்ரீயா இருக்கலாம்" என்றாள்.

"சரி" என்றாள் அக்கா. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். வேலை முடிந்துவிட்டதால் தம்பி நாற்காலியில் உட்காரப் போகவில்லை. ஆறரை மணிக்குப் பேப்பர் படிக்க உட்கார்ந்தபோதுதான், மூக்குக் கண்ணாடியை அக்கா அறையில் விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. வெறுங்காலோடு பின்பக்கம் நடந்தான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ பேசும் சத்தம் கேட்டது.

யாரோ இல்லை. அக்காதான். அந்தப் பழைய குரல்.

"…குடை ஒழுகுதுன்னு சண்டைக்கு வந்துட்டான். விரிச்சுப் பாத்தா துணியே இல்ல, வெறும் கம்பி! 'துணி எங்கய்யா?'ன்னு கேட்டா, 'அதைத்தான் போன மாசமே பொண்டாட்டி பை தெச்சுட்டாளே'ங்கறான். சிரிக்கறியா நீ? சிரி சிரி. அந்தப் பையைத் தெச்சதே நான்தான், அது அவனுக்குத் தெரியாது."

தம்பி கதவிடுக்கில் பார்த்தான். கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. ஜமீன்தார் அக்காவின் தோளில் உட்கார்ந்து, முன்னங்கால்களால் அவள் காதோர முடியைப் பிடித்துக்கொண்டு, கர்ம சிரத்தையாக அதைக் கோதிக்கொண்டிருந்தது. மூலையில் சுவரைப் பார்த்துக் கிடந்த பிராணியா இது என்று நம்ப முடியவில்லை. அக்காவின் முகத்தையும் நம்ப முடியவில்லை. சலவைக் கடை மாடியில் கரண்டியோடு நின்றவளின் முகம் அது.

பிறகு அவள் குரல் இறங்கியது.

"நாளைக்குப் போற இடத்துல நாலு பேர் இருக்காங்களாம். நல்லா இரு. யாராவது ஏதாவது கேட்டா உனக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லு. என்னை மாதிரி 'சரி சரி'ன்னு தலையாட்டிக்கிட்டு இருந்துடாதே. அப்புறம் அதுவே பழகிடும்."

லிஃப்டில் கோளாறு என்றால் ஓட விட்டுத்தான் பார்க்க வேண்டும், நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒரு மண்ணும் தெரியாது என்று புதிதாக வரும் ஆட்களுக்குத் தம்பி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். ஐந்து நாளாக நடுவில் போய் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி வைத்துவிட்டு, ஓடவில்லை என்று நோட்டில் எழுதியிருக்கிறான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஜமீன்தார் ஒரே தாவலில் பெட்டிக்குள் போய்விட்டது.

"அக்கா, அது உன்கிட்ட இப்படியா இருக்கும்?"

"தினமும் இப்படித்தான்."

"நான் உக்காந்திருந்தப்ப ஏன் வரல?"

"உன் சட்டையை எத்தனை தடவை தோச்சாலும் கிரீஸ் வாடை போறதில்ல. போதாததுக்கு அந்தப் பேனாவை டக்டக்குன்னு அமுக்கிக்கிட்டே இருந்தே. எனக்கே யாரோ பரீட்சை வைக்க வந்த மாதிரி இருந்தது. அது என்ன பண்ணும்?"

"அப்போ அந்த மொட்டை?"

"போன மாசம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால ஓடினப்போ, நீதானே முதுகைப் பிடிச்சு இழுத்தே? கையில ஒரு கொத்து முடி வந்துச்சே, மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான். உள்ளங்கையில் ஒட்டிய அந்தச் சாம்பல் மயிரைத் தட்டிக் குப்பையில் போட்டது இப்போது ஞாபகம் வந்தது.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"யார் கேட்டீங்க?"

அதில் கோபம் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். மூன்றாவது வார்த்தையே தேவைப்படாத அந்தப் பதிலில், தம்பி இருபத்தேழு வருடம் பின்னால் போய் விழுந்தான்.

சலவைக் கடையின் மாடிப்படி. கீழ்ப்படியில் குடைக் கம்பெனி சூப்பர்வைசர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அக்கா வீட்டில் இல்லாத நேரம். உங்க அக்காவைக் கல்யாணம் பண்ணிக் கொடுப்பீங்களா என்று, இருபத்து மூன்று வயதுப் பொடியனிடம் மரியாதையாகக் கேட்டார். அக்காவுக்கு அப்போது இருபத்தொன்பது. தம்பி லிஃப்ட் வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்கா போய்விட்டால் சமைப்பது யார், துணி தோய்ப்பது யார், காலையில் எழுப்புவது யார் என்று நெஞ்சு திடுக்கென்றது. "அக்காவுக்கு அந்த எண்ணமே இல்லைங்க. அவங்களுக்குத் தனியா இருக்கறதுதான் பிடிக்கும்" என்றான். அக்காவிடம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, சில வருடங்களில் அவனுக்கே அது நிஜமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த சூப்பர்வைசர்… ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வந்து…"

"தெரியும்டா."

தம்பி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"மறுநாளே என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டார் அந்த மனுஷன். 'உங்களுக்குத் தனியா இருக்கறதுதான் பிடிக்குமாமே, உங்க தம்பி சொன்னார்'னார். எனக்குத் தனியா இருக்கறது பிடிக்கும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். தம்பியால் சிரிக்க முடியவில்லை. கண்ணீர் வந்துவிட்டது. "உன் வாழ்க்கையையே நான் கெடுத்துட்டேன்க்கா" என்றான்.

"அழாதே. அந்த ஆளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எதுக்கெடுத்தாலும் உபதேசம். நீ கேட்டிருந்தாலும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

தம்பிக்கு மூச்சு வந்தது. ஆனால் அக்கா முடிக்கவில்லை.

"ஆனா அது நான் சொன்ன 'வேணாம்'மா இருந்திருக்கும். அதைக்கூட நீயே எடுத்துக்கிட்டுப் போயிட்டே."

வாசலில் நிழலாடியது. மனைவி காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை, பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தான்.

"போதும்க்கா. இப்பவே போன் பண்ணி, நாளைக்கு யாரும் வர வேணாம்னு சொல்லிடறேன். அது இந்த ரூமை விட்டு எங்கயும் போகாது."

"பாத்தியா? திரும்பவும் என்னைக் கேக்காமலே முடிவு பண்றே."

கைபேசி அவன் கையிலேயே நின்றது.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் எல்லாம் பண்றீங்க. நான் தப்பே சொல்லல" என்றாள் அக்கா. "விலங்குக்கு வாய் கிடையாது. அதுக்குத் துணை வேணுமா வேணாமான்னு தெரிஞ்சுக்க நாள் கணக்கா உக்காந்து பாத்து எழுதணும். மனுஷங்களுக்கு வாய் இருக்குடா. உனக்கு என்ன வேணும்னு ஒரு நிமிஷம் கேட்டா போதும். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சுத்தான், கூடவே இருக்கறவங்களை இப்படித் தனியா விட்டுடறோம்."

மனைவிதான் முதலில் அசைந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். வழக்கமாக ஒரு முடிவோடு வருகிற குரல், இன்றைக்குத் தயங்கித் தயங்கி வந்தது.

"அண்ணி, நாளைக்கு வர்றவங்களை வரச் சொல்லவா, வேணாம்னு சொல்லவா? நீங்க சொல்லுங்க."

"வேணாம்னு சொல்லிடும்மா" என்றாள் அக்கா. "இன்னொண்ணும் வாங்க வேணாம். அதுக்கு நான் இருக்கேன்."

"சரி, அதுக்கு நீ இருக்கே" என்றான் தம்பி. ஐம்பது வயதில், இந்தக் கேள்வியை அவளிடம் முதல் தடவையாகக் கேட்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. "உனக்கு என்ன வேணும்க்கா?"

அக்கா அவனைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறார்களா என்று இருவர் முகத்திலும் கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு கட்டிலில் இருந்த துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் பண்ணினாள்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள். "நிறைய இருக்கு."